வாய்தா கேட்காத வக்கீல்

தருமன் எழுதிய முதல் நாவல், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக் கயிற்றில் வாழைத்தாருக்கும் ஊறுகாய்ப் பொட்டலங்களுக்கும் நடுவே தொங்கத் தொடங்கிய அதே மாதத்தில், அந்த ஊர் வழக்கறிஞர்கள் சங்கம் ஒரு வழக்கின் வெள்ளி விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. தொடுத்த அண்ணனும் எதிர்த்த தம்பியும் காலமாகிவிட்டார்கள். நிலத்தின் நடுவே நெடுஞ்சாலை போய்விட்டது. வழக்கு மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி இரு தரப்பு வாரிசுகளுக்கும் லட்டு வழங்கினார்கள். சங்கத் தலைவர் கோதண்டராமன் பொன்னாடையோடு எழுந்து நின்று நா தழுதழுக்கப் பேசினார்.

"ஜூனியரா இருக்கும்போது இந்தக் கேஸைக் கையில எடுத்தேன். மூத்த பொண்ணை இதுல படிக்க வெச்சேன். ரெண்டாவது பொண்ணை இதுல கட்டிக் குடுத்தேன். இந்தக் குழந்தையை ஒரு குறையும் இல்லாம என் பையன் கையில ஒப்படைச்சுட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். வாரிசுகளும் தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் லட்டு நன்றாக இருந்தது.

இப்படியெல்லாம் ஒரு கோர்ட் இருக்கும் என்பது தருமனுக்குத் தெரியாது. அவன் செய்த தப்பே அதுதான். கீழ்பென்னாத்தூர்க்காரன். பகலில் திருவண்ணாமலையில் ஒரு மணிலாக் கடலை மண்டியில் கணக்கு எழுதுவான்; மாலையில் தேரடிப் பக்கம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவான். கோர்ட் வாசலைத் தினமும் சைக்கிளில் கடந்தானே தவிர ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை. கோர்ட் என்றால் கேள்வி கேட்பார்கள், பதில் வாங்குவார்கள், உண்மை எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று அவன் நம்பியிருந்தான். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்த நம்பிக்கையில்தான் 'கிணற்றடிச் சாட்சி'யை எழுதினான். கொலைப்பழி சுமந்து நிற்கும் ஒரு கூலிக்காரனுக்காகக் கதிர்வாணன் என்கிற வக்கீல் ஆஜராகிறார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். ஆனால் ஒவ்வொரு சிரிப்பிலும் ஒரு சாட்சி கவிழ்வான். அமாவாசை இருட்டில் கிணற்றடியில் கத்தியைப் பார்த்ததாக ஒருவன் சாட்சி சொல்ல, கதிர்வாணன் கேட்கிறார்: "அமாவாசையில கத்தி தெரிஞ்ச கண்ணுக்கு, இப்ப பட்டப்பகல்ல கோர்ட் படிக்கட்டு தெரியாம தடுக்கி விழுந்தீங்களே, அது எப்படி?"

தனக்கு நகைச்சுவை வருமா என்பது தருமனுக்குச் சந்தேகம். அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டான். எழுதிய ஒவ்வொரு வேடிக்கையையும் மறுநாள் மண்டியில் மூட்டை தூக்கும் கருப்பனிடம் சொல்வான். கருப்பன் மூட்டையோடு நின்று சிரித்தால் அந்த வரி இருக்கும். நடந்துகொண்டே சிரித்தால் திருத்துவான். சிரிக்காமல் போனால் வரியையே அடித்துவிடுவான். இப்படி அடித்ததுபோக மிஞ்சியதைச் சென்னையில் ஒரு மாத நாவல்காரர் வாங்கி அச்சிட்டார். அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் காரணமில்லாமல் துப்பாக்கியோடு நின்றார்.

புத்தகத்தால் ஊரில் முதலில் பாதிக்கப்பட்டவர் வக்கீல் வேடியப்பன்.

அவருடைய கட்சிக்காரி அடி அண்ணாமலை கிராமத்து ஜோதியம்மாள். தன் கொல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் புளியமரக் கிளையை வெட்டிவிட்டாள் என்று அவள்மேல் ஒன்பது வருஷமாக வழக்கு. கிளை மறுபடி வளர்ந்து, காய்த்து, அந்தப் புளியில் இரண்டு வீட்டிலும் குழம்பு வைத்தாயிற்று. புகார் கொடுத்த பக்கத்து வீட்டுப் பலராமனும் ஜோதியம்மாளும் எப்போதோ சமாதானமாகி, ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்கு வந்து, ஒரே தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, டவாலி பெயரைக் கூப்பிட்டதும் வாதியும் பிரதிவாதியுமாகப் பிரிந்து நிற்பார்கள். வேடியப்பன் எழுந்து "வாய்தா வேணும்" என்பார். மறுபடி பஸ்.

அந்த பஸ்ஸில்தான் பலராமன் அவளுக்கு 'கிணற்றடிச் சாட்சி'யைப் படித்துக் காட்டியிருந்தான்.

"வக்கீலய்யா, இதுல கீற வக்கீலு ஒரே நாள்ல கேள்வி கேட்டு ஆளை வெளிய இட்டாந்துடறாரே. நீங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலியே?" என்றாள் ஜோதியம்மாள்.

"அது கதைம்மா."

"கதைன்னு தெரியும் சாமி. கதைக்குக்கூட ஒரு முடிவு கீது. நம்முளுதுக்கு இல்லியே?"

இது வராந்தாவில் நடந்தது. வராந்தாவில் எப்போதும் நூறு பேர் இருப்பார்கள். அந்த வாரமே வெறையூர்க்காரர் ஒருவர் தன் வக்கீலிடம், "ஜாஸ்தி வேணாம் சார், இன்னிக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, நான் பாத்துட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினார். இன்னொருவர், புத்தகத்தில் இருக்கிற வக்கீலின் விலாசம் கேட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. கோதண்டராமன் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"நம்மளைத் திருடன்னு எழுதியிருந்தா நான் கவலைப்படமாட்டேன். ஜனங்க அதைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டுப் போவாங்க. இவன் நம்மளை நல்லவன்னு எழுதிட்டான். இனிமே ஒவ்வொருத்தனும் அதை எதிர்பார்த்துக்கிட்டு வருவான். இந்தத் தொழில் தாங்குமா?"

தாங்காது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வழக்கறிஞர் சமூகத்தை அவதூறு செய்ததாகத் தருமன்மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கலானது. அதன் சாரம்: மேற்படி நாவலில் வரும் வக்கீல் இருநூறு பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட வாய்தா கேட்கவில்லை.

சம்மன் மண்டிக்கு வந்தது. தருமன் அதைப் படித்துவிட்டு, நிதானமாக இன்னொரு முறை படித்தான். பிறகு, தான் எழுதியதில் அவதூறு எங்கே என்று அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினான். ஒரு இடத்தில் 'கோர்ட் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது' என்று எழுதியிருந்தான். அதுவாக இருக்குமோ என்று நினைத்தான்.

ஊரிலிருந்து அவன் அம்மா வெள்ளையம்மாள் வந்து அழுதாள். "மன்னிப்பு கேட்டுட்டு வந்துடேன்டா. அவங்க சட்டம் படிச்சவங்க."

"இன்னாத்துக்கும்மா மன்னிப்பு? அதை யாராவது சொன்னா கேட்டுட்டு வந்துடறேன்."

சொல்ல ஆளில்லை. அவனுக்காக வாதாட ஒரு வக்கீலும் இல்லை. ஊரிலிருந்த எல்லா வக்கீல்களும் புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எதிரிக்கு வக்கீல் இல்லாமல் வழக்கு நடந்தால் நியாயமாகத் தெரியாது என்று சங்கமே பெருந்தன்மையோடு ஒரு வக்கீலைக் கொடுத்தது. வேடியப்பனைத்தான்.

முதல் வாய்தாவுக்குத் தருமன் நன்றாகக் குளித்து, திருநீறு பூசி, மண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். மாஜிஸ்திரேட் தீபத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அடுத்த தடவை, கேஸ் கட்டு வேலூருக்குப் போயிருந்தது. ஏன் போனது என்று கேட்டான். "கட்டுன்னா போகும் தம்பி, வரும்" என்றார் பெஞ்ச் கிளார்க். அதற்கடுத்த தடவை மாஜிஸ்திரேட் இருந்தார், கட்டு இருந்தது, சாட்சியப் பொருளான நாவலைக் காணோம். விசாரித்ததில், அது பெஞ்ச் கிளார்க் வீட்டம்மாவிடமிருந்து டவாலியின் மச்சினிக்குப் போய், அங்கிருந்து மாஜிஸ்திரேட்டின் குடியிருப்புக்கே போயிருந்தது தெரிந்தது. மாஜிஸ்திரேட் தொண்டையைச் செருமினார்.

"சாட்சியப் பொருளைக் கோர்ட் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. நூற்று நாற்பதாம் பக்கம்வரை ஆராய்ந்தாயிற்று. வாய்தா."

அன்று மாலை வேடியப்பன் அவனைக் கோர்ட் எதிரிலிருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை. அவனுக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார்.

"தம்பி, சங்கம் ரொம்ப இறங்கி வந்திருக்கு. புத்தகத்தைக் கொளுத்தணும்னுதான் இருந்தாங்க. நான் பேசி நிறுத்தியிருக்கேன். திருத்தி ரெண்டாம் பதிப்பு போட்டாப் போதுமாம். கமிட்டி போட்டு அவங்களே திருத்திக்கூடக் குடுத்துட்டாங்க. நீ கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

தருமன் திருத்திய பிரதியைப் பிரித்தான். முதல் அத்தியாயத்தில் கதிர்வாணன் எழுந்து வாய்தா கேட்டார். இரண்டாம் அத்தியாயத்தில் எதிர்க்கட்சி வக்கீலின் மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. மூன்றாவதில் கதிர்வாணனுக்குச் சளி. கிணற்றடிச் சாட்சி ஏழாம் அத்தியாயத்தில் வயோதிகத்தால் இறந்துபோனான். கிணறு பதினொன்றாம் அத்தியாயத்தில் தூர்ந்தது. கடைசிப் பக்கத்தில், கூலிக்காரனின் பேரன் தாத்தாவின் வழக்குக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'நீதி என்பது காத்திருத்தல் அல்லவா!' என்றான்.

"காதுகுத்து நான் சேர்த்தது," என்றார் வேடியப்பன் கொஞ்சம் வெட்கத்தோடு. "எப்படியிருக்கு?"

தருமன் பிரதியை மூடினான். நாவல் நன்றாக இல்லை என்று சங்கம் சொல்லியிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பான். அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. நடை சுமார், துப்பு துலக்கும் இடம் இன்னும் சுமார், அட்டையில் துப்பாக்கி வேறு. மன்னிப்பும்கூடக் கேட்டிருப்பான், அவன் சட்டென்று மன்னிப்புக் கேட்கிற ரகம்தான். ஆனால் கதிர்வாணனுக்குச் சளி பிடித்தது என்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஒரு கூலிக்காரன் கூண்டில் நிற்கும்போது அந்த மனிதருக்குச் சளி பிடிக்காது. பிடித்தாலும் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். இதை உலகத்திலேயே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"கையெழுத்துப் போடமாட்டேங்க."

"அப்ப ஜெயில் வாசல்வரைக்கும் போகும் தம்பி."

"போகட்டுங்க. அடுத்த தடவை நானே பேசிக்கிறேன். நீங்க எனக்காக எழுந்திரிக்க வேணாம்."

வேடியப்பன் டீயை அப்படியே வைத்துவிட்டார். அவர் தொழிலில் இப்படி ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. எழுந்து நிற்பது ஒன்றுதான் அவர் வேலை.

அடுத்த முறை டவாலி தருமன் பெயரைக் கூப்பிட்டதும், பெஞ்ச் கிளார்க் வழக்கம்போல வாய்தா சீலை மையில் ஒற்றி எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கூண்டிலிருந்து தருமன் சொன்னான்:

"ஐயா, எனக்கு வாய்தா வேணாங்க."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. கிளார்க்கின் கை அந்தரத்தில் நின்றது.

"வேணாம்னா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இன்னிக்கே நடத்திடுங்கய்யா."

"இன்னிக்கேன்னா?"

கிளார்க் எக்கி மாஜிஸ்திரேட்டின் காதருகே, ஆனால் கோர்ட் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "அதுக்கு நம்மகிட்ட சீல் இல்லீங்களே!"

கோதண்டராமன் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே! இது இந்தக் கோர்ட்டின் மரபுக்கு விரோதம். புகார்தாரர்களாகிய நாங்கள் இன்னும் தயாராகவில்லை."

"எதுக்குங்க தயாராகணும்? புகார் குடுத்தது நீங்கதானுங்களே?" என்றான் தருமன்.

வராந்தாவிலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜன்னல்களில் தலைகள் சேர்ந்தன. மாஜிஸ்திரேட்டுக்கு என்ன தோன்றியதோ, ஒருவேளை நாவலை முடித்துவிட்டிருந்தாரோ, கோதண்டராமனைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார். முப்பது வருஷ அனுபவத்தில் அந்தக் கூண்டில் அவர் ஏறுவது அதுவே முதல் தடவை. படி இருப்பது தெரியாமல் தடுக்கினார். ஜன்னலில் இருந்தவர்களில் நாவலைப் படித்தவர்கள் மட்டும் சிரித்தார்கள். எல்லோரும் படித்திருந்தார்கள்.

கேள்வி கேட்பது தருமன் முறை. கதிர்வாணன் இந்த இடத்தில் கோட்டுப் பையில் கைவிட்டுப் புன்னகைப்பார். தருமனிடம் கோட்டு இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டான்.

"ஐயா, கதிர்வாணன்ற வக்கீல் யாரைக் குறிக்கிறாருங்க?"

"இந்த ஊர் வக்கீல் எல்லாரையும்."

"அவரு வாய்தா கேக்கறதில்லீங்க. நீங்க?"

"கேட்போம். அது எங்கள் உரிமை."

"அவரு கேஸ் கட்டைப் படிச்சுட்டு வராருங்க."

"தினம் எத்தனை கட்டுய்யா படிக்கிறது? மனுஷன் சாப்பிட வேணாமா?"

"அவரு கட்சிக்காரங்க பேரு ஞாபகம் வெச்சிருக்காருங்க."

கோதண்டராமன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். "பார்த்தீங்களா, எப்படி மிகைப்படுத்தறான்!"

"அப்ப எந்த விதத்துலங்க அவரு உங்களை மாதிரி இருக்காரு?"

"எந்த விதத்துலயும் இல்ல!" கோதண்டராமன் கூண்டுக் கம்பியைத் தட்டினார். "அதைத்தான்யா ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு விதத்துலகூட எங்களை மாதிரி இல்லாத ஒருத்தனை வக்கீல்னு போட்டிருக்கே. ஜனங்க அவனைப் பார்க்கறாங்க, அப்புறம் எங்களைப் பார்க்கறாங்க. இதைவிட அவதூறு வேற என்ன வேணும்?"

பெஞ்ச் கிளார்க் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். மேற்கொண்டு கேட்கத் தருமனிடம் ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தான். நாவலில் இந்த இடத்தில் விடுதலை வரும்.

மாஜிஸ்திரேட் நாவலை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"எதிரியின் நாவலில் மீதியிருந்த அறுபது பக்கத்தையும் இந்தக் கோர்ட் ஒரே மூச்சில் படித்தது. அவ்வளவு வேகம் ஒரு கோர்ட்டுக்கு ஆகாது என்பதையும் உணர்ந்தது. எதிரி யாரையும் இழிவாக எழுதவில்லை. ஆனால் விடுதலை செய்தால் சங்கம் கோர்ட்டைப் புறக்கணிக்கும். ஆகவே நீதியின் நலன் கருதி, எதிரி குற்றவாளி. கோர்ட் கலையும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியது தண்டனை. அதற்கு முன் ஒரு சந்தர்ப்பம். இப்போதே மன்னிப்புக் கேட்டு, புத்தகத்தைத் திரும்பப் பெற்றால் தண்டனையும் கிடையாது."

சங்கத்து வக்கீல்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். யார்தான் ஒரு தண்டனையை ஏற்றுக்கொண்டு கோர்ட் பதிவில் குற்றவாளியாக நிற்பான்?

"நான் உட்கார்ந்துக்கிறேங்க," என்றான் தருமன்.

சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். காலை பதினொன்றுகூட ஆகவில்லை. கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகையில் படம் போடக் காத்திருப்பவன்போல முன்னால் பார்த்தான். தண்டனையில் பார்க்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்து ஜோதியம்மாள் வழக்கு. வேடியப்பன் எழுந்தார். "வாய்..." என்றவர் பெஞ்சைப் பார்த்தார். தருமன் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. அடுத்து என்ன என்று அறிய ஆசைப்படுகிற பார்வை. இவன் அடுத்த நாவலில் யாருக்குக் காதுகுத்து வைப்பானோ என்று ஓடியது அவருக்கு.

"வாதியைக்... கூப்பிடலாமுங்க," என்றார். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

பலராமன் ஏறினான். வேடியப்பனுக்குக் கேள்வி எப்படித் தொடங்கும் என்று தெரியவில்லை. மனதில் இருந்ததையே கேட்டுவிட்டார். "யோவ், இந்தம்மா மேல உனக்கு இன்னும் வருத்தம் இருக்குதாய்யா?"

"வருத்தமா? காலையில அது ஊட்லதான் சாமி கூழு குடிச்சுட்டு வந்தேன். உப்பு கொஞ்சம் கம்மி. அதுல வேணா வருத்தம்."

"ஆமா, இவன் பொண்டாட்டி மட்டும் உப்பு போட்டுக் கிழிச்சுட்டா!" என்றாள் எதிர்க் கூண்டிலிருந்து ஜோதியம்மாள்.

கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டு, சமாதானம் பதிவு செய்து அவளை விடுதலை செய்தார். ஜோதியம்மாள் கூண்டை விட்டு இறங்காமல், "அவ்ளோதானா?" என்று கேட்டாள். "அவ்ளோதானா சாமி? ஒம்பது வருசத்துக்கு இதுவா?" வேடியப்பன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, கூச்சத்தோடு, மறுபடி பெஞ்சைப் பார்த்தார்.

வக்கீல்கள் பக்கம் பரபரப்பு மூண்டது. கோதண்டராமன் மேடைக்கே போய்விட்டார். "கோர்ட்டைக் கலைச்சுடுங்க. இவன் தண்டனை முடியணும்னா கோர்ட் கலையணும். கோர்ட் கலைஞ்சாத்தான் இவன் வெளியே போவான்!"

மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "கோர்ட் கலைந்தது," என்று பாதி எழுந்தார். டவாலி தருமனிடம் வந்து, "தண்டனை முடிஞ்சுது தம்பி, எழுந்திரு" என்றான்.

தருமன் எழுந்து நின்றான். மாஜிஸ்திரேட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தான்.

"உன்னைத்தான் விட்டாச்சே! எதுக்குய்யா உட்கார்ந்திருக்கே?" என்று கத்தினார் கோதண்டராமன்.

"முன்னே தண்டனைக்கு உட்கார்ந்தேங்க. இப்ப பாக்கறதுக்கு உட்கார்ந்திருக்கேன். கோர்ட்ல யாரு வேணா உட்கார்ந்து பாக்கலாமுங்களே."

"கோர்ட் கலைஞ்சுடுச்சுய்யா!"

"அவங்க யாரும் கலையலீங்களே ஐயா," என்றான் தருமன்.

எல்லோரும் திரும்பினார்கள். வராந்தாவில் இருந்தவர்கள் வாசற்படிவரை வந்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் பைகளும் தூக்குச் சட்டிகளுமாக நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் நகரவும் இல்லை. விடுதலையான ஜோதியம்மாள்கூட ஊருக்குப் போகாமல் பலராமனைத் தள்ளி உட்காரவைத்து, பெஞ்சில் தருமனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

பாதி எழுந்த மாஜிஸ்திரேட் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"அடுத்த கேஸைக் கூப்பிடு," என்றார்.

அடுத்த வழக்கு கோதண்டராமனுடையது. அவர் எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். குமாஸ்தா நீட்டிய கட்டை வாங்கி, எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துத் திருப்பிப் பிடித்தார். கூண்டில் சாட்சி ஏறி நின்று, கேட்டால் சொல்லலாம் என்று தயாராக இருந்தார். கோர்ட் முழுவதும் கோதண்டராமன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.